ஊக்குவிப்பு மன்றத்தில் ஒரு குறுகுறு

கெட்டில் கருகியதில் யாருக்கும் காயமில்லை, கெட்டிலைத் தவிர. ஆனால் அண்ணன் வந்து அடுப்படியில் நின்ற விதத்தைப் பார்த்தால், வீடே சாம்பலாகி அதன் மேல் அவர் நிற்பது போலிருந்தது. அண்ணன் காப்பீட்டு முகவர். நடக்காத விபத்துகளை விற்றுப் பிழைப்பவர். அடிபிடித்த பாத்திரத்தைக் காட்டினால் அவர் மனக்கண்ணில் தீயணைப்பு வண்டி வந்து நின்றுவிடும்.

"அப்பாவுக்குக் காது சுத்தமா போயிடுச்சு. தனியா இருக்கார். தண்ணியை அடுப்புல வெச்சுட்டு ஜன்னல்கிட்ட போய் உட்கார்ந்துக்கறார். இது விசிலடிச்சு விசிலடிச்சு செத்தே போச்சு. நாளைக்கு என்ன பண்றது?"

"நாளைக்குப் புது கெட்டில் வாங்கணும்" என்றாள் தங்கை. இரண்டு தெரு தள்ளிப் பட்டன் கடை வைத்திருப்பவள் அவள்.

"விளையாடாதே. ஊருக்கு வெளியே நல்ல முதியோர் இல்லமா ஒண்ணு பார்த்திருக்கேன். பெரிய தோட்டம். மழைக்காலம் முடியற வரைக்கும் ஒரு கட்டிலை நமக்காகப் பிடிச்சு வெச்சிருக்காங்க."

அப்பா ரயில் எஞ்சின் ஓட்டியவர். காதை எஞ்சினிடமே விட்டுவிட்டு ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இருவரின் உதடுகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எஞ்சின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரலில் கேட்டார்: "தோட்டம்னா சொன்னான்? எனக்கு எதுக்குடா தோட்டம்? நான் என்ன முயலா?"

பிறகு யாரையும் பார்க்காமல் ஜன்னலோர நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அதன் இரண்டு கைகளையும் அவர் பிடித்திருந்த பிடியைப் பார்த்தால், கொண்டுபோவதானால் நாற்காலியோடுதான் கொண்டுபோக வேண்டும் என்று தெரிந்தது.

தங்கையின் கடையில் முன்பக்கம் பட்டன், ஜிப், ஊக்கு. திரைக்குப் பின்பக்கம் ஒரு மேஜை, அதன்மேல் பற்றவைக்கும் கோல், ஈயக்கம்பி, பிரித்துப்போட்ட ரேடியோ. முன்பக்கம் வயிற்றுக்கு, பின்பக்கம் மனசுக்கு. சந்தையில் புதுசாக எந்தச் சில்லு வந்தாலும், எந்தச் சென்சார் வந்தாலும், ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வாள். எதற்கு என்று கேட்டால், "ஒரு வேலை வராமலா போகும்" என்பாள். வந்தது.

அரிசிமணி அளவுள்ள வெப்பச் சென்சார் ஒன்றை அடுப்புக்குப் பக்கத்தில் பொருத்தினாள். தண்ணீர் கொதித்ததும் அது ஒரு சோப்பு டப்பாவுக்குத் தகவல் அனுப்பும். டப்பா அப்பாவின் சட்டைப் பையில் இருக்கும். அதற்குள் செத்துப்போன கைபேசியிலிருந்து எடுத்த நடுங்கும் மோட்டார், மேலே ஒரு பச்சை விளக்கு. தகவல் வந்ததும் விளக்கு மினுக்கும், டப்பா துடிக்கும். அப்பா எழுந்துபோய் அடுப்பை அணைப்பார். அவ்வளவுதான் விஷயம்.

முதல் தடவை துடித்தபோது அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் சிரித்தார். "குறுகுறுங்குது. சின்னப் புள்ளையில நீ வந்து சட்டையைப் பிடிச்சு இழுப்பியே, அந்த மாதிரி."

அன்றிலிருந்து அதன் பெயர் குறுகுறு.

அண்ணன் சோப்பு டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல யாரோட முத்திரை இருக்கு?"

"நான் செஞ்சது."

"நீ யாரு?"

கூடவே பிறந்தவர் கேட்ட கேள்வி.

"அரசாங்க முத்திரை இருந்தா அப்பா இங்கேயே இருக்கட்டும், நான் குறுக்கே நிக்க மாட்டேன். இல்லேன்னா மழை விட்டதும் கிளம்பணும். இதுக்கு மேல குறைக்க முடியாது" என்றார் அண்ணன். பட்டன் விற்பவளுக்குக் கறாரான விலை எது, பேரத்துக்கு இடமுள்ள விலை எது என்று குரலிலேயே தெரியும். இது கறார்.

ஆகவே அவள் இல்லத் தயாரிப்புக் கருவிகள் ஊக்குவிப்பு மன்றத்துக்குப் போனாள்.

வீட்டில் உட்கார்ந்து கருவிகள் செய்பவர்களை ஊக்குவிப்பதற்காகவே ஏற்பட்ட மன்றம் அது. கட்டடமே ஊக்கமாக இருந்தது. வாசலில் பளிங்குப் படிகள், நடுவில் ஒரு வெண்கலச் சிலை. சிலை கையில் பற்றவைக்கும் கோலைப் பிடித்திருந்தது, சூடான பக்கத்தை. சிற்பியையும் மன்றத்தையும் தவிர மற்றவர்கள் அதைப் பார்த்த உடனே கையை உதறிக்கொள்வார்கள்.

அவள் உள்ளே கால் வைத்ததும் கூடத்திலிருந்த அத்தனை பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பின்னால் யாரோ பெரிய மனிதர் வருகிறார் போலிருக்கிறது என்று ஒதுங்கி வழிவிட்டாள். யாரும் வரவில்லை. கைதட்டல் நின்றது. எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஒருவர் மட்டும் சிவந்த உள்ளங்கைகளை ஊதிக்கொண்டே வந்தார்.

"ஊக்கம் கிடைச்சுதாம்மா?"

"எது சார்?"

"இப்ப தட்டினோமே, அதுதான். ஊக்கம் பெற்றுக்கொண்டேன்னு சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் நாங்க அடுத்தவங்களுக்குத் தட்ட முடியும்."

"பெற்றுக்கொண்டேன் சார். எனக்கு முத்திரைதான்..."

"முத்திரை தனி. அதுக்கு முன்னாடி இன்னும் மூணு மேஜை இருக்கு. ஒவ்வொண்ணுலயும் தட்டுவாங்க. பயப்படாதீங்க."

முதல் மேஜை ஒலி அளவை. அந்த அதிகாரி இரண்டு காதிலும் பஞ்சு வைத்திருந்தார். நாள் முழுக்கச் சத்தத்தோடு வேலை, உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டாமா. காதால் அவருக்கு வேலையில்லை, கண்ணால் மீட்டரைப் பார்த்தால் போதும். குறுகுறு அவர் மேஜைமேல் துடித்துத் துடித்து விளிம்புவரை நகர்ந்துபோனது.

"முள்ளு அசையலையேம்மா!" என்று கத்தினார்.

"இதுல சத்தம் வராது சார். நடுங்கும்."

"எச்சரிக்கைக் கருவின்னா சத்தம் வரணும். விதி."

அவள் ஒரு துண்டுக் காகிதத்தில், 'அப்பாவுக்குக் காது கேட்காது' என்று எழுதிக் காட்டினாள்.

"அது அவரோட சௌகரியம். விதிக்கு நல்லா காது கேக்கும். ஆலைச் சங்கு ஊதற அளவுக்குச் சத்தம் வெச்சு எடுத்துட்டு வாங்க."

அவள் கொஞ்சம் திகைத்துத்தான் போனாள். அப்புறம் அவருடைய முகத்தைப் பார்த்தாள். முதல் விலை சொல்லிவிட்டு எதிர்விலைக்காகக் காத்திருக்கும் முகம். இந்த முகத்தோடுதான் அவள் காலையிலிருந்து சாயங்காலம்வரை மாரடிக்கிறாள். விரலை மடக்கி, கொசு அளவு என்று சைகை காட்டினாள்.

"கொசுவா? மன்றத்தை அவமானப்படுத்தறீங்களா? சரி, ரயில் விசில்."

"தேனீ" என்று அவர் பஞ்சையும் மீறிக் கேட்கும்படி கத்தினாள்.

"அம்மா, கட்டுப்படியாகாது. லாரி ஹாரன், அதுக்குக் கீழே இறங்கினா எனக்கு வேலை போயிடும்."

அவள் குறுகுறுவைப் பையில் போட்டுக்கொண்டு கதவை நோக்கி நடந்தாள்.

"நில்லுங்கம்மா, நில்லுங்க! கோவிச்சுக்கிட்டா எப்படி? நாய்க் குரைப்பு."

"பூனை."

"பூனை எந்த நிலையில? கத்தற பூனையா?"

"தும்மற பூனை."

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "காலையில முதல் போணி நீங்க. வெறுங்கையோட அனுப்ப மனசு வரலை. தும்மல்னே வெச்சுக்குவோம்."

அவள் அங்கேயே உட்கார்ந்து பையில் கிடந்த பொட்டளவு ஒலிப்பான் ஒன்றைக் குறுகுறுவோடு சேர்த்தாள். டப்பா துடித்தது, லேசாகத் தும்மியது. அந்தச் சத்தம் அப்பாவுக்குக் கேட்கப்போவதில்லை. பஞ்சு வைத்த அதிகாரிக்கும் கேட்கவில்லை. ஆனால் முள் அசைந்தது. எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள்.

இரண்டாவது மேஜை ஒப்பீடு. மன்றத்துக்கு வரும் எந்தப் பொருளையும் ஏற்கெனவே அங்கீகரித்த மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். மாதிரி இல்லாத பொருளை அனுப்பமாட்டார்கள். புதிதாகக் கண்டுபிடித்த பொருளுக்கு மாதிரி எப்படி இருக்கும் என்று அவள் கேட்டாள்.

"நல்ல கேள்வி" என்றார் ஒப்பீட்டாளர். மரியாதைக்காரர், கையுறை போட்டிருந்தார். "அந்தச் சிக்கல் வரக்கூடாதுன்னுதான், மாதிரி இல்லாத இடத்துல கொண்டுவந்த பொருளையே மாதிரியா வெச்சுக்கறோம். கொடுங்க."

குறுகுறுவை வாங்கி, வெல்வெட் துணியில் வைத்து, 'மாதிரி' என்று ஒரு சீட்டை ஒட்டினார். "இப்ப பொருளைக் கொடுங்க."

"அதைத்தானே சார் கொடுத்தேன்."

"இது மாதிரி. நான் கேக்கறது பொருள்."

"ரெண்டும் ஒண்ணுதான் சார்."

ஒப்பீட்டாளர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். பிறகு பெருந்தன்மையோடு, சீட்டு ஒட்டிய பக்கத்திலிருந்து ஒரு தடவையும் ஒட்டாத பக்கத்திலிருந்து ஒரு தடவையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பார்க்கப் பார்க்க முகம் இறுகியது.

"அம்மா, நான் வெளிப்படையா பேசறவன். உங்க பொருள் எங்க மாதிரியை அப்படியே காப்பியடிச்ச மாதிரி இருக்கு. இந்த மூலையில ஒரு கீறல் பாருங்க, அதைக்கூட விடலை."

"அய்யோ சார், அதுவேதான் இது!"

"ஒத்துக்கறீங்க."

"எதை ஒத்துக்கறேன்?"

"வித்தியாசமே இல்லைன்னு. சொந்தமா யோசிக்கறவங்களை ஊக்குவிக்கத்தான் இந்த மன்றம். ஏற்கெனவே இருக்கறதை எடுத்து அப்படியே கொண்டுவந்தா நாங்க என்ன பண்றது? இருந்தாலும் பெண்பிள்ளை, குடும்பக் கஷ்டம்னு தெரியுது. நடவடிக்கை எடுக்க வேண்டாம். தலைவரைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லுங்க."

பின்னாலிருந்து கைதட்டினார்கள். இந்தத் தடவை கொஞ்சம் மெதுவாக.

மூன்றாவது மேஜை தலைவருடையது. மேஜை பெரியது. அதன்மேல் ஒன்றுமில்லை. தலைவர் அவளை உட்காரச் சொல்லிவிட்டுத் தான் எழுந்து நின்றார். அவரால் உட்கார்ந்தபடி பேச முடியாது, பழக்கமில்லை.

"தாய்க்குலமே" என்று தொடங்கினார். அறையில் அவள் ஒருத்திதான் இருந்தாள். "நான் இந்தப் பொறுப்புக்கு வர்றதுக்கு முன்னால இந்த ஊர் எப்படி இருந்தது? வீட்டுக்கு வீடு ஒருத்தன் உட்கார்ந்து கம்பியைப் பற்றவெச்சுக்கிட்டிருந்தான். ஒருத்தன் தானா தண்ணி ஊத்தற தொட்டி செய்வான். ஒருத்தன் கண்ணு தெரியாதவங்களுக்குப் பேசற கைத்தடி செய்வான். எங்கே பார்த்தாலும் ஆர்வம், கட்டுப்பாடு இல்லாத ஆர்வம்! இன்னைக்குப் போய்ப் பாருங்க. ஒரு வீட்டுல செய்யறானா? ஒருத்தன் செய்யறானா? இல்லை. அதுதான் ஊக்குவிப்போட வெற்றி!"

தண்ணீர் குடித்தார்.

"இன்னொண்ணும் சொல்றேன். இந்த மன்றம் அங்கீகரிச்ச எந்தக் கருவியாலயும் இன்னைக்கு வரைக்கும் ஒரு சின்ன விபத்துகூட நடந்ததில்லை."

"எத்தனை கருவிங்க சார் அங்கீகரிச்சிருக்கீங்க?"

"அங்கீகரிச்சா விபத்து நடக்கும்மா" என்றார் தலைவர், குழந்தைக்குச் சொல்வது போல. "அதுக்காக மறுத்தோம்னும் யாரும் சொல்லிடக் கூடாது. அதனால உங்க கருவியைக் களக் கண்காணிப்புக்கு அனுப்பறேன். பயன்படற இடத்துக்கே எங்க ஆளுங்க வருவாங்க. பார்ப்பாங்க."

"எவ்வளவு நாள் சார் பார்ப்பாங்க?"

"திருப்தி ஆகற வரைக்கும்."

அடுத்த வாரமே இரண்டு பேர் அப்பாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். பெரிய கண்காணிப்பாளர் கனத்த உடம்புக்காரர், டீப் பிரியர். சின்னக் கண்காணிப்பாளர் ஒல்லி. பெரியவர் குறுகுறுவைக் கண்காணிப்பார், சின்னவர் பெரியவரைக் கண்காணிப்பார். இதை அவள் அப்பாவுக்கு உதடு பிரித்துச் சொன்னாள்.

"அப்ப சின்னவரை யாரு பார்க்கறது?" என்றார் அப்பா.

"அந்தப் பதவிக்கு இன்னும் ஆள் போடலை ஐயா" என்றார் சின்னவர்.

"கவலைப்படாதீங்க, நான் பார்த்துக்கறேன்."

இப்படியாகக் கண்காணிப்பு ஆரம்பித்தது. காலையில் வருவார்கள், விளக்கு வைக்கும் நேரத்தில் போவார்கள். அதற்குள் அவளும் கடையை அடைத்துவிட்டு வந்துவிடுவாள். அடுப்படியில் இரண்டு நாற்காலி போட்டாயிற்று. அப்பா தண்ணீரை வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போவார். தண்ணீர் கொதிக்கும், குறுகுறு துடித்துத் தும்மும், அப்பா எழுந்து வந்து அடுப்பை அணைப்பார். கொதித்த தண்ணீரை வீணாக்குவானேன் என்று மூன்று பேரும் டீ குடிப்பார்கள். டீ குடித்ததும் மறுபடி பரிசோதிக்க வேண்டும் என்பார் பெரியவர்.

இரண்டு பரிசோதனைகளுக்கு நடுவே அப்பா எஞ்சின் கதை சொன்னார். மலைப்பாதையில் பிரேக் பிடிக்காமல் போனது, தண்டவாளத்தில் நின்ற எருமைக்குக் கீழே இறங்கிப்போய் புத்தி சொன்னது. யாருக்கும் கேட்க நேரமில்லாமல் வருஷக்கணக்காக உள்ளேயே கிடந்த கதைகள். கருவியைப் பயன்படுத்துபவர் பேசுவதையெல்லாம் கேட்டே ஆகவேண்டும் என்று மன்றத்தின் விதி. சம்பளம் வாங்கிக்கொண்டு எழுந்து போகாமல் கேட்கும் இரண்டு பேர்! அப்பா காலையிலேயே சவரம் செய்துகொண்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்தபடி நிற்க ஆரம்பித்தார்.

மழை விட்டது. அண்ணன் ஒரு வாடகை வண்டியோடு வந்தார், அப்பாவின் பெட்டியை எடுத்துப்போக. அடுப்படியில் எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். அடுப்புக்கு இந்தப் பக்கம் ஓர் அரசு அதிகாரி, அந்தப் பக்கம் ஓர் அரசு அதிகாரி, இருவர் கண்ணும் கெட்டில் மேல்.

தங்கையைத் தனியே கூப்பிட்டார். "இவங்க தினமுமா வர்றாங்க?"

"ஞாயித்துக்கிழமை லீவு. அன்னைக்கு எனக்குக் கடை இல்லை, நான் இருப்பேன்."

"பொறுப்பான ஆளுங்கதானா?"

"ஒருத்தரை ஒருத்தர் கண்காணிக்கறாங்க."

அண்ணன் மனசுக்குள் கணக்குப் போட்டார். எந்த இல்லத்தில் ஒரு கிழவருக்கு இரண்டு அதிகாரி போடுகிறார்கள்? "சரி. அவங்க இங்கே உட்கார்ந்திருக்கற வரைக்கும் நான் வாயைத் திறக்க மாட்டேன். எழுந்து போயிட்டாங்கன்னா முத்திரையைக் காட்டு. இல்லேன்னா பெட்டியைக் கட்டு. அங்கே ஏதாவது ஒரு கட்டில் காலியா இருந்துக்கிட்டேதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, காலி வண்டியில் திரும்பிப் போனார்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் சாயங்காலம் அவள் கடையை அடைத்துவிட்டு வந்தபோது பெரியவர் வாடிய முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"திருப்தி ஆயிடுச்சும்மா" என்றார்.

"அப்ப முத்திரை?"

"அறிக்கை எழுதிட்டேன். படிச்சுக் காட்டறேன், நீங்க தப்பா நினைச்சுக்கக் கூடாது. 'கண்காணிப்புக் காலம் முழுவதும் தண்ணீர் ஒரு தடவைகூட வற்றவில்லை. பாத்திரம் கருகவில்லை. ஆகவே ஆபத்து எதுவும் இல்லை. இல்லாத ஆபத்துக்குக் கருவி தேவையில்லை. நிராகரிக்கலாம்.'"

"வத்தாததுக்குக் காரணமே அதுதானே சார்! துடிச்ச உடனே அப்பா எழுந்துபோய் அணைக்கறாரே!"

"அதை விடுவேனா? எழுதியிருக்கேன். 'முதியவர் மிகவும் சுறுசுறுப்பானவர். ஒவ்வொரு முறையும் தாமாகவே எழுந்து சென்று அடுப்பை அணைக்கிறார். மறதி அறவே இல்லை.' பாராட்டித்தான் எழுதியிருக்கேன்."

அப்பா ஜன்னலோரத்தில் இருந்து மூவர் உதடுகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, சட்டைப் பையிலிருந்து சோப்பு டப்பாவை எடுத்துக் கைக்குட்டையால் துடைத்து மறுபடி பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். எருமைக்கே புத்தி சொன்ன மனிதர், குரலே எழும்பாமல் நின்றார்.

பெரியவருக்கு அது பொறுக்கவில்லை. ஆறிப்போன டீயைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். "நாளையோட நாங்களும் ஆபீஸ்தான். அங்கே டீ வாயில வைக்க வழங்காது" என்றார். பிறகு, யாரிடமும் சொல்லாதது போல், கெட்டிலைப் பார்த்துச் சொன்னார்: "நல்லவேளை, கருவியில எந்தப் பாகமும் மாறலை. ஏதாவது ஒண்ணு மாறிச்சுன்னா அது புதுக் கருவின்னு அர்த்தம். எழுதின அறிக்கையைக் கிழிச்சுப் போட்டுட்டு முதல்லேருந்து கண்காணிக்கணும். என்ன பண்றது, விதி."

"எந்தப் பாகம் மாறினாலுமா சார்?"

"விளக்கோட நிறம் மாறினாக்கூட" என்றார் சின்னவர். பெரியவரைக் கண்காணித்துக்கொண்டிருந்தவர் இப்போது கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினாள். உதிரிபாகக் கடைக்காரர் கதவைப் பாதி இறக்கியிருந்தார். அவள் குனிந்து உள்ளே நுழைந்தாள்.

"வாங்கக்கா. புதுசா ஒரு சென்சார் வந்திருக்கு, பார்க்கறீங்களா?"

"அது இருக்கட்டும். ஒரு விளக்கு வேணும். பச்சை வேண்டாம், சிவப்பு குடு."

"பச்சை என்னாச்சுக்கா? எரியலையா?"

"ஜோரா எரியுது."

"அப்புறம் எதுக்கு மாத்தறீங்க?"

அவள் கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக இருந்த தட்டுகளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள்.

"அப்பாவுக்கு இப்ப எழுபத்தெட்டு நடக்குது" என்றாள். "நீ மொத்தம் எத்தனை நிறம் வெச்சிருக்கே?"